சால்மொனெல்லாவை அடுக்களையிலேயே தடுப்பது எப்படி?

காலைச் சந்தையில் வாங்கிய கோழியைக் குழாயடியில் மூன்று நான்கு முறை கழுவுவது பினாங்கில் நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். சுத்தத்திற்காகச் செய்யும் இந்த வேலையே, இறைச்சியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமியைத் தெறிக்கும் துளிகளோடு தொட்டியிலும் பக்கத்திலுள்ள கொத்தமல்லியிலும் பரப்பிவிடும்.

அது குடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கவலையின் காரணம் விளங்கும். வயிற்று அமிலத்திற்குத் தப்பிய கிருமி, தன் மேலுள்ள மயிரிழை போன்ற நீட்சிகளால் குடல் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள மான்னோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. பின்னர், 1998இல் மின்னணு நுண்ணோக்கியின் வழியே கண்டறியப்பட்ட ஊசி போன்ற ஓர் உறுப்பினால் தன் புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அப்புரதங்கள் உயிரணுவைத் தாங்கும் ஆக்டின் இழைகளை மாற்றியமைக்க, மேற்பரப்பு அலையலையாக எழுந்து, சில நிமிடங்களில் கிருமியைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் கையாலேயே கதவைத் திறக்கவைக்கும் திருடனின் வேலை இது! உள்ளே ஒரு சவ்வுப் பைக்குள் தங்கிப் பெருகும் அதை அகற்றுவது உடலுக்கு எளிதன்று. ஆகவே அடுக்களையிலேயே அதைத் தடுத்துவிட வேண்டும்.

கோழியைக் கழுவாதீர்கள், ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டு 20 விநாடிகள் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் மனம் ஒப்பாதவர்கள், குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு பாத்திரத்தையும் தொட்டியையும் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். பச்சை இறைச்சிக்கென்று தனிப் பலகையும் கத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு கொதித்தால் மட்டும் போதாது. தொடையெலும்பை ஒட்டிய சதை 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். சதையின் நிறம் நம்பத்தக்க சான்றன்று என்பதால், சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

மீந்த கறியை இரவுவரை மேசையில் மூடிவைப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நம் ஊர் வெக்கையில் ஒரு கிருமி 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டித்தால், 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். எனவே 2 மணி நேரத்திற்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இவற்றையும் மீறிக் கிருமி உணவோடு உடலுக்குள் போய்விட்டால், பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரத்திற்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்கும். உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி பருகக் கொடுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, நோயாளி கைக்குழந்தையோ முதியவரோ என்றாலோ உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். குணமாகும்வரை அவர் பிறருக்குச் சமைக்கக் கூடாது.