மனச்சோர்வுக்குக் குளுசை எடுப்பவருக்கு டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால்

கொழும்பில் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், அது டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை டெங்கு என்றே வைத்து நடப்பதுதான் புத்தி. காய்ச்சல்காரர் ஃப்ளூஒக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். "இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், காய்ச்சல் முடியும் வரை நிறுத்துவோம்" என்று வீட்டிலேயே முடிவெடுப்பதுதான் வழக்கமான பிழை. ஸ்டீரொயிட் அடக்குவதுபோல் இவை எதிர்ப்புச் சக்தியை அடக்குவதில்லை. பார்க்கவேண்டிய இடம் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் நுண்ணிய இரத்தத் தட்டுகள்.

பிளேட்லெட்டுகள் செரட்டோனின் என்ற இரசாயனத்தைத் தாமாக உண்டாக்குவதில்லை. இரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேமித்து, காயம்பட்ட இடத்தில் வெளியே விட்டு, மற்ற பிளேட்லெட்டுகளையும் அங்கே ஒட்டவைக்கின்றன. மேலே சொன்ன மருந்துகள் அந்த உறிஞ்சும் வழியை அடைப்பதால், சில கிழமைகளில் சேமிப்பு வெகுவாகக் குறைகிறது. சாதாரண நாளில் பெரும்பாலானோருக்கு இது தெரியவே தெரியாது. சிலருக்குத் தோலில் இலகுவாகக் கண்டிப்போகும். டெங்குவிலோ பிளேட்லெட்டின் எண்ணிக்கையும் விழுகிறது. அதற்கு மேல் ஐபுபுரோபன் போன்ற ஒரு வலிநிவாரணியும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது.

ஆகவே காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 500 மில்லிகிராம் குளுசை ஒன்றரை. எவ்வளவு எடையானாலும் ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும். ஐபுபுரோபன், டிக்ளோபெனக், மெபனமிக் அமிலம் மூன்றும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் போனமுறை மிஞ்சிக் கிடக்கும் சப்போசிட்டரியும் (மலவாயிலில் வைக்கும் மருந்து) பெரும்பாலும் டிக்ளோபெனக்தான். பெயரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். உடம்பு உளைவுக்கு ட்ரமடோல், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதோபன் கலந்த பாணி ஆகியவற்றையும் கேட்காமல் எடுக்கவேண்டாம். மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது செரட்டோனின் அளவுக்கு மீறி நடுக்கம், வியர்வை, வேகமான நாடித்துடிப்பு, காய்ச்சல் எல்லாம் வரலாம். அப்போது எது நோய், எது மருந்து என்று பிரித்தறிவதே கஷ்டம். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் தடையில்லை. சிவப்பு, கபில நிறப் பானங்களை மட்டும் தவிருங்கள்; வாந்தி எடுத்தால் அதில் இரத்தம் இருக்கிறதா என்று தெரியாமல் போகும்.

காய்ச்சலின் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்கவேண்டும், பிறகு வைத்தியர் சொல்லும்படி தினமும். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் வைத்தியசாலையில் சேருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம், கறுத்த மலம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை என்று எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் போகவேண்டும்; 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காய்ச்சல் இறங்கியதும் ஆறுதல் அடைவதுதான் பலர் செய்வது. ஆபத்தான கட்டம் அநேகமாக அப்போதுதான் தொடங்குகிறது.

வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் குளுசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர் மருந்தைத் தயங்காமல் சொல்பவர்கள்கூட இந்த மருந்தை மறைத்துவிடுகிறார்கள். மேர்ட்டசெப்பின் என்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர் சொல்லியே ஆகவேண்டும். மிக அரிதாக அது வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். காய்ச்சல், தொண்டைநோ, வாய்ப்புண் அதன் அடையாளங்கள். டெங்குவிலும் வெள்ளணுக்கள் குறைவதால், மருந்தின் பெயர் தெரியாத வைத்தியர் எண்ணிக்கையைப் பார்த்து டெங்கு என்றே எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மருந்தை இடைநிறுத்துவதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். பரொக்செட்டின், வென்லஃபக்சின் இரண்டையும் திடீரென விட்டால் சில நாட்களுக்குள் தலைச்சுற்று, குமட்டல், மின்சாரம் தட்டியது போன்ற உணர்வு, வைரஸ் காய்ச்சல் மாதிரி உடம்பு அலுப்பு வரும். ஃப்ளூஒக்செட்டினில் கதை வேறு. அது உடம்பிலிருந்து நீங்கக் கிழமைக்கணக்காகும் என்பதால் இன்று நிறுத்தினாலும் பிளேட்லெட்டுக்கு நாளைக்கு நன்மை கிடைக்காது.

காய்ச்சல் போனபிறகும் சில கிழமைகள் களைப்பு, பசியின்மை, ஆட்களோடு பேசப் பிடிக்காமை இருப்பது வழமை. தொற்றோடு போராடும்போது உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் மூளையிலும் வேலை செய்கின்றன. முன்பு ஹெப்படைட்டிஸ் சி என்ற ஈரல் நோய்க்கு, சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்ஃபெரோன் ஏற்றப்பட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததும் இதே வழியால்தான். எனவே களைப்பை மட்டும் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டவேண்டாம். "என்னால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை" என்ற எண்ணம், குற்றவுணர்வு, இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பின்மை இருந்தால் கிளினிக் திகதியை முன்னுக்கு எடுங்கள். உடலில் அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையை இதற்காகத் தனியாகச் செய்து காசைச் செலவழிக்கத் தேவையில்லை. அது கூடியிருந்தாலும், எந்த மனச்சோர்வு மருந்து பொருந்தும் என்று இன்றைய நிலையில் அது சொல்லித்தராது.

குளுசை பல நாட்கள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தானாகத் தொடங்காமல், கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள். சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.