பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தீனி: நம் பக்கம் நடக்கும் தவறுகள்

மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வெயில் ஏறும் வரை பனி விலகாது. தருமபுரியிலும் காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராது. அந்தக் குளிரில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கும் சிட்டுக்குருவியைப் பார்த்து மனசு கேட்காமல் பலரும் மாடியில் தீனித் தட்டு வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் கவனமில்லாமல் வைத்தால் அந்தத் தட்டிலிருந்தே பறவைக்கு நோய் வந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் பனி விழுந்து தரையை மூடிவிடும், பகல் பொழுதும் குறைவு. கிடைக்கும் சில மணி நேரத்தில் வயிற்றை நிரப்பாத பறவை இரவைத் தாண்டாது. அதனால்தான் அங்கே கொழுப்பில் விதை கலந்து உருண்டை பிடித்துத் தொங்கவிடுகிறார்கள். நமக்குப் பனிக்காலம் பஞ்சகாலம் இல்லை. ராகி அறுத்துக் களத்துக்கு வருவதே இந்த நாட்களில்தான். மழை பெய்து வளர்ந்த புல்லெல்லாம் விதை முற்றி நிற்கும். நாம் வைப்பது ஒரு கைப்பிடி உபசாரம், அவ்வளவுதான். வீடியோவைப் பார்த்துவிட்டு டால்டாவிலும் தேங்காய் எண்ணெயிலும் உருண்டை பிடிக்காதீர்கள். நம் ஊரில் பதினோரு மணி வெயிலுக்கு அது உருகி இறகில் ஒட்டும். எண்ணெய் பட்ட இறகு குளிரையும் தாங்காது, ஈரத்தையும் தடுக்காது.

அதிகம் நடக்கிற தவறு, சாயங்காலம் தட்டை நிரப்பி வைப்பது. காலையில் பறவை வரும்போது தயாராக இருக்கட்டும் என்ற நினைப்புதான். ராத்திரி முழுக்கப் பனி இறங்கித் தானியம் ஊறிவிடும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் விரலால் கிளறிப் பாருங்கள்: கம்பு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வரும், மூன்றாம் நாள் அடியில் சாம்பல் நிறத்தில் பூசணம் படிந்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் பூசணம் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். போதாததற்கு, எல்லாப் பறவையும் அதே தட்டில் எச்சம் போட்டு அதிலேயே கொத்தும். ஒரு நோயாளிப் புறா வந்து போனால் போதும்.

ஆகவே வெயில் வந்த பிறகு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மிச்சத்தை எடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பழைய சல்லடை இருந்தால் அதுவே நல்ல தட்டு, தண்ணீர் தேங்காது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி நன்றாக வெயிலில் காய வையுங்கள். மற்றவை பறந்த பிறகும் ஒரு பறவை இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வாயோரம் தீனி ஒட்டியபடி தட்டருகிலேயே உட்கார்ந்திருந்தால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அன்றே தீனியை நிறுத்தி, இரண்டு வாரம் தட்டே வைக்காதீர்கள். பறவைகள் கலைந்து போவதுதான் அந்த நேரத்தில் அவற்றுக்கு நல்லது.

என்ன போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மிக்சர், முறுக்குத் தூள், உப்புப் போட்ட சோறு வேண்டாம். பாலும் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது. பச்சரிசி தின்றால் வயிறு ஊதி வெடிக்கும் என்று சொல்வது வெறும் கதை. ராகி, கம்பு, சாமை, உடைத்த அரிசி போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய சோளத்தையும் மக்காச்சோளத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் பறவைக்குப் போடாதீர்கள். அந்தச் சிவப்புச் சாயம் விதை நேர்த்தி செய்ததற்கு அடையாளம். அதில் இருப்பது பூச்சியையும் பூசணத்தையும் கொல்லப் பூசும் மருந்து. கழுவினாலும் போகாது.

தானியம் வைத்தால் எல்லாப் பறவைக்கும் வைத்த மாதிரி என்று நினைப்பதும் தப்பு. தவிட்டுக்குருவி, கரிச்சான், தையல்சிட்டு, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் சாம்பல் வாலாட்டி, தகைவிலான் எல்லாம் பூச்சியை நம்பி இருப்பவை. இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டிப் புழு தேடும். சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். ஒரு பக்கம் தட்டு வைத்துவிட்டு மறுபக்கம் மரத்தடிச் சருகைக் கூட்டித் தீ வைப்பதில் என்ன பயன்? கிருஷ்ணகிரிப் பக்கம் தை, மாசியில் மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். தோப்புக்காரர்களுக்குப் பிழைப்பு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருப்பவர்கள் எதற்கு அடிக்க வேண்டும்? காய்ப்பு முடிந்ததும் நெருக்கமான கிளைகளைக் கழித்து வெளிச்சம் விழவிட்டாலே தத்துப்பூச்சி குறையும்.

தட்டு வைக்கும் இடத்தைப் பூனையின் கண்ணால் பாருங்கள். புதரை ஒட்டியோ தரையிலோ வேண்டாம். பறவை ஓடி ஒளிய மரம் பக்கத்தில் இருக்கட்டும், பூனை பதுங்கிப் பாயும் தூரத்தில் புதர் இருக்கக் கூடாது. காட்டோரக் கொட்டாய்களில் இருப்பவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. ராகி அறுவடைச் சமயத்தில்தான் யானைகளும் காட்டை விட்டு வெளியே வரும். பறவைக்கென்று ராகி மூட்டையைத் திண்ணையில் அவிழ்த்துப் போட்டு வைக்காதீர்கள். குரங்கு பழகிவிட்டால் தட்டை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் கால் வழுக்கும். இரண்டு அங்குல ஆழமுள்ள மண் தட்டில் ஒரு கல்லைப் போட்டு வையுங்கள், தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொசு வளரும். பனி போனதும் தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிடும் வழக்கத்தையும் விட வேண்டும். ஏரி, குட்டை வற்றிப் பறவை நிஜமாகவே தவிப்பது பங்குனி, சித்திரையில். அப்போது தானியத்தைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மண் தட்டை நிழலுக்கு மாற்றி, காலையும் மதியமும் தண்ணீர் ஊற்றுங்கள்.