முதுகு ஃப்யூஷன் ஆபரேஷன்: எந்த முறை நல்லதுன்னு தேடுறதுக்கு முன்னாடி

டாக்டர் ஃப்யூஷன், அதாவது முதுகெலும்புல ரெண்டு எலும்பை ஒண்ணா ஒட்ட வைக்கிற ஆபரேஷன், பண்ணணும்னு சொன்ன உடனே எல்லாரும் முதுகு வழியா செய்யுற டிஎல்ஐஎஃப் (TLIF) நல்லதா, வயிறு வழியா செய்யுற ஏஎல்ஐஎஃப் (ALIF) நல்லதான்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க. முதல் தப்பே அங்கதான். ரெண்டு எலும்பை சேர்த்து பூட்டியே ஆகணுமா, ஏன் பூட்டணும்? இதைத்தான் முதல்ல கேக்கணும்.

நரம்பு நசுங்கி காலுக்கு இறங்குற வலின்னா, நசுக்குறத எடுத்துவிட்டாலே நிறைய பேருக்கு போதும், அதுக்கு பேரு டிகம்ப்ரஷன். 2016ல ஸ்வீடன்ல நரம்புப் பாதை சுருங்கின 247 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பாதி பேருக்கு டிகம்ப்ரஷன் மட்டும், மீதி பேருக்கு கூட ஃப்யூஷனும். 2 வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தாங்க, இத்தனைக்கும் அதுல எலும்பு கொஞ்சம் முன்னாடி நழுவினவங்களும் இருந்தாங்க. ஆனா எலும்பு நிஜமாவே ஆடுதுன்னா கதை வேற, அப்போ ஃப்யூஷன் தேவைப்படலாம். ஆடுதான்னு படுத்து எடுக்குற எம்ஆர்ஐல சரியா தெரியாது. நின்னுக்கிட்டு, முன்னாடி பின்னாடி வளைஞ்சு எடுக்குற எக்ஸ்ரே எடுத்தாச்சான்னு கேளுங்க.

ரிப்போர்ட்ல டிஸ்க் (ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை மாதிரி பகுதி) தேய்மானம்னு படிச்சதும் பயந்துடாதீங்க, வலியே இல்லாதவங்க எம்ஆர்ஐலயும் அது சர்வ சாதாரணமா வரும்.

சரி, ஃப்யூஷன் வேணும்னே முடிவாச்சு. இப்போ முறை. பிஎல்ஐஎஃப், டிஎல்ஐஎஃப் ரெண்டும் முதுகு வழியா போறது, டிஎல்ஐஎஃப்ல ஒரு பக்கமா சாய்வா உள்ள போறதால நரம்பை இழுத்துப் பிடிக்கிறது குறையும். ஏஎல்ஐஎஃப் வயிறு வழியா, பெரிய கேஜ் (டிஸ்க் இருந்த இடத்துல வைக்கிற சின்ன கூடு) வைக்கலாம், முதுகுத் தசையை தொட வேண்டாம், ஆனா பெரிய ரத்தக்குழாய்ங்களை ஒதுக்கித்தான் போகணும், ஆண்களுக்கு விந்து வெளிவராம பின்னாடி போற ஒரு சிக்கலும் சில சமயம் வரும், கேக்க கூச்சப்பட்டு விட்டுடாதீங்க. விலா பக்கத்துல இருந்து போற எக்ஸ்எல்ஐஎஃப்ல கொஞ்ச நாள் தொடை மரத்துப்போகலாம், பலவீனமா இருக்கலாம், இடுப்பெலும்பு மறைக்கிறதால எல்5-எஸ்1 (முதுகெலும்போட அடியில, இடுப்போட சேர்ற இடம்) இடத்துக்கு அது ஒத்தும் வராது. அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு செஞ்ச முறையே எனக்கும் வேணும்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல, எந்த இடம், எலும்பு எப்படி இருக்கு, உங்க டாக்டர் கை எதுல பழகியிருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறது ஸ்க்ரூ விஷயம். ஸ்க்ரூவும் ராடும் தற்காலிகமா பிடிச்சு வைக்கிறதுதாங்க, நிஜமா ஒட்ட வேண்டியது எலும்பு, அதுக்கு 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஆகும். நிகோடின் இந்த ஒட்டுறதையே கெடுக்கும், அதனால ஆபரேஷனுக்கு சில வாரம் முன்னாடியே சிகரெட்டை விடணும், முடிஞ்ச பிறகும் தொடக்கூடாது. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா இன்ஃபெக்‌ஷன் வர வாய்ப்பு கூடும். வயசானவங்க எலும்போட அடர்த்தியை அளக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், எலும்பு மெலிஞ்சிருந்தா ஸ்க்ரூ லூஸாகிடும். ரெண்டாவது மாசமே வலி குறைஞ்சிடுச்சுன்னு கனமான பொருளைத் தூக்குறது, டாக்டரைக் கேக்காம வலி மாத்திரையை தொடர்ந்து போடுறது, இதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம்.

நல்லா ஒட்டின பிறகும் மேல கீழ இருக்குற டிஸ்க்குக்கு சுமை கூடும், சிலருக்கு பல வருஷம் கழிச்சு அங்க பிரச்சனை வரும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

பெரும்பாலும் யோசிக்க டைம் இருக்கு, ரெண்டாவது டாக்டர்கிட்ட காட்டலாம். ஆனா திடீர்னு யூரின் வராம நின்னாலோ, கட்டுப்பாடு இல்லாம போனாலோ, தொடை இடுக்குல மரத்துப்போனாலோ, கால் வேகமா வலுவிழந்தாலோ ஒரு மணி நேரம்கூட காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க.