கிராம்னிக்கை ஒரு பிரிஸ்டல் போர்டில் அடக்குவது எப்படி

பாடசாலைச் சதுரங்கக் கழகச் சுவரில் ஒரு ரஷ்ய கிராண்ட்மாஸ்டரைப் பற்றி ஒட்டுவதென்றால் விளாடிமிர் கிராம்னிக்கை எடுங்கள். காஸ்பரோவ் எல்லாச் சுவரிலும் இருக்கிறார். கிராம்னிக்கின் எண்களையோ பிள்ளைகளே கூட்டிப் பார்த்துச் சரிபிடிக்கலாம்.

ஒரு பிரிஸ்டல் போர்ட், இரண்டு நிற மார்க்கர், அடிமட்டம், ஒரு செஸ் செட் போதும். ஆட்டங்களின் பி.ஜி.என். கோப்பை (நகர்வுகள் எழுத்தில் உள்ள கோப்பு) ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும்போதே போனில் இறக்கி, நகர்வுகளைக் கொப்பியில் எழுதிவையுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் சிக்னலை நம்பினால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

முதலில் காலக்கோடு: 1975 துவாப்சேயில் பிறப்பு, 1992 மணிலா ஒலிம்பியாடில் 9 ஆட்டங்களில் 8½ புள்ளி, பிறகு உலகப் பட்டப் போட்டிகள்: 2000 லண்டன் (காஸ்பரோவுடன்), 2004 பிரிசாகோ (லேக்கோவுடன்), 2006 எலிஸ்டா (டோபலோவுடன்), 2008 பான் (ஆனந்துடன்); கடைசியில் 2019 ஜனவரியில் ஓய்வு.

பெரும்பாலும் பிழைப்பது 2000–2006 பகுதியில்தான். 1993இல் காஸ்பரோவும் ஷார்ட்டும் ஃபிடேயை (சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம்) விட்டு வெளியே போய் விளையாடியதால் உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்தது. கிராம்னிக் காஸ்பரோவிடமிருந்து வென்றது ஒரு பட்டம். அதே காலத்தில் ஃபிடே சாம்பியனாக ஆனந்த், பொனமரியோவ், காசிம்ஜானோவ், டோபலோவ் என்று வேறு ஆட்கள். ஆகவே இந்த ஆறு வருடத்துக்கும் இரண்டு நிறத்தில் இரண்டு கோடு இழுத்து, இரண்டு பட்டமும் இணைந்த எலிஸ்டாவில் ஒன்றாக்குங்கள். ஒரே கோடு போட்டால் ‘ஆனந்த் எங்கே?’ என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் வெற்றி (1 புள்ளி), தோல்வி (0), சமநிலை (½) மூன்றையும் எழுதுங்கள். லண்டனில் 2 வெற்றி, 13 சமநிலை: 2 + 6½ = 8½. எதிராளிக்கு 6½. மொத்தம் 15, சரி. பானில் ஆனந்த் 3 வெற்றி, கிராம்னிக் 1, சமநிலை 7: ஆனந்த் 6½–4½. எலிஸ்டாதான் உதைக்கும். பலகையில் கிராம்னிக் 3, டோபலோவ் 2, சமநிலை 6. ஆனால் முடிவு 6–6. டோபலோவ் தரப்பின் புகாரால் தன் தனிக் கழிவறை பூட்டப்பட்ட தகராறில் கிராம்னிக் 5ஆம் ஆட்டத்துக்கு வரவில்லை, அந்தப் புள்ளி டோபலோவுக்குப் போனது. பிறகு சமனை முறிக்க ஆடிய ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்களில் கிராம்னிக் 2½–1½. ஆடாத ஆட்டத்தைத் தனி வரியில் காட்டாவிட்டால் கணக்கு உதைத்துக்கொண்டே இருக்கும்.

போர்டுக்குக் கீழே மேசையில், லண்டனில் கிராம்னிக் கறுப்பில் ஆடிய பெர்லின் தடுப்பாட்டத்தை அடுக்குங்கள். வெள்ளை: ஈ4, குதிரை எஃப்3, பிஷப் பி5, ராஜா பக்கக் காஸ்லிங், டி4, பிஷப் சி6இல் வெட்டு, சிப்பாய் ஈ5இல் வெட்டு, ராணி டி8இல் வெட்டு. கறுப்பு: ஈ5, குதிரை சி6, மற்றக் குதிரை எஃப்6, அதே குதிரை ஈ4இல் வெட்டு, டி6க்குத் திரும்பல், டி சிப்பாய் சி6இல் வெட்டு, குதிரை எஃப்5, ராஜா டி8இல் வெட்டு. எட்டு நகர்வில் ராணிகள் இல்லை. கறுப்பால் இனிக் காஸ்லிங் செய்யவும் முடியாது. பார்த்தால் கறுப்புக்கு மோசம் போலிருக்கும். லண்டனில் நான்கு முறை இந்தத் தடுப்பாட்டம் வந்தது, நான்கில் ஒன்றைக்கூட காஸ்பரோவால் வெல்ல முடியவில்லை. பிள்ளைகளை இரு பக்கமும் மாறி மாறி இங்கிருந்து ஆடவிடுங்கள்.

ஓய்வுக்குப் பின் இணையச் சதுரங்கத்தில் ஏமாற்று நடப்பதாக அவர் பகிரங்கமாகச் சொல்லிவருவதை எழுதுவதானால், ‘குற்றச்சாட்டு’ என்றே எழுதுங்கள்; யாருடைய பெயரும் வேண்டாம்.

ஒட்டுவதற்கு மாப்பசை கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நான்கு மூலையிலும் குண்டூசி, ஓரங்களுக்கு செலோடேப்.