மாமாவின் கல்ஃப் வாட்ச்: முதல் பழைய வாட்ச் வாங்கும் முன்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும், பல வீட்டுப் பீரோக்களில் ஒரு வாட்ச் நின்றுபோய்க் கிடக்கிறது. ஒன்று அப்பா கட்டியிருந்த எச்எம்டி, இல்லையென்றால் மாமா கல்ஃபிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சீக்கோ 5. முதல் பழைய வாட்ச் தேடுகிறவர்கள் ஆன்லைனில் அலைவதற்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். ஒரே ஆள் கையில் இருந்த வாட்சில் யாரும் அதிகம் கைவைத்திருக்க மாட்டார்கள்.

வெளியே வாங்குவதென்றால் டயலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. நாற்பது வருஷ வாட்சின் டயல் நேற்று செய்ததுபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள். நான் முதலில் வாங்கிய எச்எம்டி ஜனதா அப்படித்தான் மின்னியது, விற்றவர் ஒரிஜினல் என்று அடித்துச் சொன்னார், வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்தெல்லாம் மை பரவித் தடித்திருக்கிறது, நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும் மறுபக்கம் விலகியும் நிற்கின்றன. மறுபடி பெயின்ட் அடித்த டயல். காசு போனதைவிட, நல்ல பழைய டயலை யாரோ சுரண்டிவிட்டார்களே என்றுதான் வருத்தம். லேசாக மஞ்சளித்த, ஒன்றிரண்டு புள்ளி விழுந்த அசல் டயல் இதைவிட எவ்வளவோ மேல்.

சீக்கோவில் சரிபார்ப்பது சுலபம். பின்மூடியில் 7009 போல மெஷினின் நான்கு இலக்க எண், அப்புறம் ஒரு கோடு, அதன்பின் கேஸ் எண் (கேஸ் என்றால் வாட்சின் வெளிக்கூடு) இருக்கும். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்திலும் அதே நான்கு இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள். ஆறு இலக்க சீரியல் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். கிழமை அரபியிலும் வந்தால் பயப்படாதீர்கள், அது வளைகுடா நாடுகளுக்கென்று செய்தது. 7009 மெஷின் கை அசைவிலேயே தானாக முறுக்கேறும், கையால் சாவி கொடுக்க முடியாது, அதைப் பழுது என்று நினைத்து நல்ல வாட்சை விட்டுவிட வேண்டாம்.

எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016இல் அந்தப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் உதிரி பாகத்துக்குப் பழைய இருப்பையோ இன்னொரு வாட்சையோதான் நம்ப வேண்டும்.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிற நம் ஊரில் ஈரம்தான் பெரிய எதிரி, சாவித் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் வேலை தெரியாத கை பட்டிருக்கிறது. காதில் வைத்தால் சத்தம் சீராக வர வேண்டும்: ஜனதாவில் நொடிக்கு ஐந்து துடிப்பு, 7009இல் ஆறு. முடிந்தால் ஒரு நாள் வாங்கிக் கட்டிப்பார்த்துப் போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பிந்தினால் பெரும்பாலும் கழுவி எண்ணெய் போட்டால் சரியாகும், அடிக்கடி நின்றால் வேண்டாம்.

விலை பேசும்போது அந்தச் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இணையத்தில் கேட்கிற விலையை நம்பாமல், அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். வாங்கிய கையோடு கேஸைப் பாலிஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள், விளிம்புகள் மழுங்கிவிட்டால் திரும்ப வராது. ரிப்பேர்காரர் ஏதாவது பாகத்தை மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள்.