பாட்டியின் நினைவு மலருக்கு ஆண்டுகளைப் பிடிப்பது எப்படி?

கருமாதிக்கு நினைவு மலர் தயாரிக்கும்போது பெரும்பாலும் இடிப்பது ஆண்டுகள்தான். பாட்டியின் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14). ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்றால் பதிவு தாமதமாகியிருக்கலாம். அந்தத் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு அச்சிடாதீர்கள்.

சித்தி, மாமாவிடம் "எந்த வருசம்?" என்றால் பதில் வராது. "1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தப்போ பாட்டிக்கு என்ன வயசு? 1957 மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) கையில எந்தப் பிள்ளை? 1985ல பினாங்குப் பாலம் திறந்தப்போ பால்மரம் வெட்டப் போய்க்கிட்டிருந்தாங்களா?" என்று கேளுங்கள், மளமளவென்று வரும். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் மூத்தவர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பழைய படங்களும் ஆண்டைச் சொல்லும். ஆனால் ஒட்டும் ஆல்பத்துப் படத்தைப் பிடித்து இழுத்தால் மூலை கிழியும். பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல் நகர்த்துங்கள். அசையவில்லையா? மேல் பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி, பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கழன்று வந்த படங்களுக்குப் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பேனா முன்பக்கம் தடம் பதிக்கும்.