குழந்தை ஏன் வெறுந்தரையில்? போர்த்தினாரி ஓவியத்தைத் தவறாகப் பார்க்காதிருக்க

ஃபுளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் உள்ள, மூன்று பலகைகளாலான போர்த்தினாரி பலிபீட ஓவியத்தில் முதலில் உறுத்துவது குழந்தை இயேசுதான். துணியில்லை, கீழே வைக்கோல் மெத்தையும் இல்லை, வெறுந்தரையில் கிடக்கிறார். மரியா சற்றுத் தள்ளி மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார். பச்சைக் குழந்தையை இப்படியா போடுவது என்று ஓவியர் ஹூகோ ஃபான் டெர் ஹூஸ் மீது பாய வேண்டாம். 1372இல் பெத்லகேம் சென்ற சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா, தாம் கண்ட காட்சியை இப்படித்தான் விவரித்தார்: மரியா ஜெபிக்கும்போதே குழந்தை பிறந்தது, தரையில் ஒளி வீசிக் கிடந்தது. பின்வந்த ஓவியர் பலர் லூக்கா நற்செய்தி சொல்லும் தீவனத் தொட்டியை விட்டு இதைப் பின்பற்றினார்கள். குழந்தையைச் சுற்றியுள்ள பொற்கதிர்களும் பிரிஜித்தாவின் அந்தக் காட்சியிலிருந்து வந்தவையே.

ஆட்களின் அளவைப் பார்த்து, தூரத்துக்கேற்ப உருவங்களைச் சிறிதாக்கும் தூரக்காட்சி முறை தெரியாத ஓவியர் என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. பின்னாலுள்ள கட்டடங்களைப் பாருங்கள், தெரிந்தவர்தான். இங்கே உருவத்தின் அளவைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல, தகுதியும்கூட. ஓவியத்துக்குப் பணம் கொடுத்த தொம்மாசோ போர்த்தினாரி, ஃபுளோரன்சின் மெடிச்சி குடும்பத்து வங்கியின் கிளையை பிளாண்டர்ஸ் பகுதியின் புரூஜ் நகரில் நடத்தியவர். அவரும் அவர் குடும்பமும் பக்கப் பலகைகளில் புனிதர்களின் காலடியில் சிறுத்து மண்டியிட்டிருக்க, பல் தெரிய வாய் பிளந்து ஓடிவரும் இடையர்கள் நடுப்பலகையில் முழு ஆகிருதியோடு நிற்கிறார்கள். காசு கொடுத்தவர் இதற்கு ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம்.

பெரிய இழப்பு, முன்னால் இருக்கும் பூக்களை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோவது. இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, மருந்துக்கடைகளில் களிம்பும் மூலிகையும் வைக்கும் வண்ணப் பீங்கான் ஜாடி. அதில் லில்லியும் ஐரிஸும். மற்றது கண்ணாடிக் குவளை; அதில் கார்னேஷனும், மரியாவின் துயரத்தைக் குறிக்கும் கொலம்பைன் பூக்களும். ஒளி குவளையைத் துளைத்துத் தரையில் விழுவதைக்கூட வரைந்திருக்கிறார். மருந்து ஜாடிக்கு இங்கே என்ன வேலை? ஓவியம் வைக்கப்பட்டது சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் தேவாலயத்தில்! பக்கத்தில் கிடக்கும் கோதுமைக் கதிர்க்கட்டு திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக ஏற்கப்படும் நற்கருணை அப்பத்தைச் சுட்டுகிறது. வானதூதர்கள் அணிந்திருப்பவை திருப்பலியில் உதவி செய்வோரின் உடைகள். பலியை நிறைவேற்றும் குருவின் மேலுடை மட்டும் யார் மீதும் இல்லை. அந்தக் குரு தரையில் கிடக்கும் குழந்தையே என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

புத்தகங்களில் நடுப்பலகை மட்டும் அச்சாவதால், பக்கப் பலகைகளின் பின்புலம் தப்பிவிடும். இடப்புறம் நிறைமாத மரியாவைத் தாங்கி மலைப்பாதையில் இறங்கும் அவர் கணவர் சூசையப்பர். வலப்புறம் தூரத்தில் வந்துகொண்டிருக்கும் மூன்று அரசர்கள். முன்னால் வந்த ஆள் ஊர்க்காரரிடம் வழி கேட்கிறான். நம் கிறிஸ்துமஸ் குடில்போல அரசர்களையும் இடையர்களையும் ஒன்றாக நிறுத்திவைக்கவில்லை.

ஃபுளோரன்சில் இருப்பதால் இத்தாலிய ஓவியம் என்று எழுதுவோரும் உண்டு. இது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸ் பகுதியில் 1470களில் எண்ணெய் வண்ணத்தில் வரையப்பட்டு, 1483இல்தான் ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், அந்நகரின் ஓவியர் கிர்லாந்தாயோ, சாந்தா திரினித்தா தேவாலயத்துக்கு வரைந்த பிறப்புக் காட்சியில் இதே இடையர்களின் சாயலைக் கொண்டுவந்துவிட்டார்.